முரட்டுக் கையுறை

— எனக்கென்ன வந்துச்சு நஜியா? பக்கத்து வீட்டுக்காரியா கண்ணால பார்த்ததைத்தான் உன் கொழுந்தன்கிட்ட ஃபோன்ல சொன்னேன். 'துஹாமி, உங்க அம்மா கை ரெண்டும் கத்திரிக்காய் நிறத்துல இருக்கு, மருமகளைக் கேளு'ன்னேன். நீ அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலே.

— அதைச் சொல்லாமலே சொல்லிட்டீங்களே, மஹ்ஜூபாக்கா. விடிஞ்சதும் தாஞ்சியர்ல இருந்து கார் எடுத்துட்டாரு. ஜும்ஆ தொழுகை முடியறதுக்குள்ள ஃபெஸ்ஸுக்கு வந்து, அம்மாவைக் கையோட கூட்டிட்டுப் போறாராம். 'அண்ணன் போனப்புறம் என் தாய் உனக்குப் பாரமாயிட்டாளா'ன்னு என்னையே கேக்கறாரு.

— கேக்க மாட்டானா? பெத்த தாயாச்சே.

— மூணு வருஷமா எட்டிப் பார்க்காதப்போ பெத்த தாயா தெரியலையா?

— அது அவன் வேலைத் தொந்தரவு, எனக்கென்ன வந்துச்சு. கூஸ்கூஸ் வாசம் தூக்குதே, பூசணி போட்டிருக்கியா?

— அக்கா, அழற மாதிரி இருக்கு எனக்கு. மாமியார் லல்லாவைக் கூட்டிட்டுப் போயிட்டா இந்த வீட்டுல எனக்குன்னு யார் இருக்கா?

— அப்போ அந்தத் தழும்பெல்லாம் எங்கே இருந்து வருது? வானத்துல இருந்தா?

— டாக்டரம்மா பார்த்தாங்க. வயசான தோல், வெங்காயத்தோட உள்தோல் மாதிரி மெலிஞ்சு போச்சு, லேசா அழுத்தினாலே உள்ளே ரத்தம் கட்டிக்கும்னாங்க. வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சமா வாசனையில்லாத சோப்பு, துண்டால தேய்க்காம ஒத்தி எடுக்கணும், ஈரம் காயறதுக்குள்ள களிம்பு தடவணும். அதைத்தான் நான் செஞ்சுட்டு வர்றேன்.

— ஒத்தி எடுக்கறதா? அதான் அந்த மனுஷி ராப்பகலா சொறிஞ்சுக்கறாங்க! அழுக்கு உள்ளேயே ஊறிக் கிடக்கு. நான் மட்டும் வியாழக்கிழமை தவறாம ஹம்மாம் குளியலுக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா அவங்க கதி என்ன?

— அதுக்கு நீங்க நல்லா இருக்கணும்.

— கறுப்புச் சோப்பைப் பூசி, ஊற வெச்சு, சொரசொரன்னு இருக்கற கையுறையை மாட்டினேன்னு வை. என் கைக்கு எந்த உடம்புலயும் அழுக்கு சுருள் சுருளா உதிரும். கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் என்னைத்தான் தேடுவாங்க. லல்லா உடம்புல மட்டும் வந்து தொலைய மாட்டேங்குது.

— வரலேன்னா?

— வரலேன்னா விட்டுருவேனா? வர்ற வரைக்கும் தேய்க்கறதுதான்.

— எப்படித் தேய்ப்பீங்க?

— இதென்ன கேள்வி? ஈரத் தரையில வழுக்கிடாம இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்குவேன், வலது கையால... ஏன் அப்படி முழிக்கறே?

— உள்ளே வாங்க. லல்லா, தூங்கலையே? சட்டைக் கையை லேசா மேலே ஏத்திக்கறேன். அக்கா, உங்க இடது கையை இங்கே வையுங்க. மெதுவா.

— எதுக்கு?

— வையுங்களேன்.

— வெச்சாச்சு. இப்போ என்ன... யா லத்தீஃப்!

— நாலு விரல் இந்தப் பக்கம், கட்டைவிரல் அந்தப் பக்கம். அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு.

— என் மோதிரம் பதிஞ்ச இடம் கூடத் தெரியுதே, பொண்ணே!

— கட்டில்ல இடிச்சுக்கறாங்கன்னு நினைச்சு சட்டம் பூரா பஞ்சு வெச்சுக் கட்டினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுசா ஒண்ணு இருக்கும்.

— நல்லது செய்யறேன்னுதானே செஞ்சேன்... லல்லா, உங்களுக்கு வலிக்கலையா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— திறக்க நீ எங்கே இடம் விட்டே, மகளே? உள்ளே போனதுல இருந்து வெளியே வர்ற வரைக்கும் நீதானே பேசுவே. யார் வீட்டுல சண்டை, யாருக்குப் பெண் பார்க்கறாங்கன்னு கேட்டுட்டே இருந்துடுவேன்.

— லல்லா! அது மஹ்ஜூபாக்கா கைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

— எனக்குக் கண்ணுதான் மங்கல், நஜியா. தோல்ல உணர்ச்சி இருக்கு.

— தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? தெருவே என்னைத்தான் பேசுது. தெரு அடுப்புல ரொட்டி சுட மாவு கொண்டு போனா, அடுப்புக்காரன் கூட என் முகத்தைப் பார்க்காம தட்டை வாங்கறான்.

— தப்புதான். கிட்டே வா, நெத்தியில ஒரு முத்தம் கொடுக்கறேன். மன்னிச்சுக்கோ. மஹ்ஜூபா, நீ தெருவெல்லாம் கொட்டினதை நீதான் அள்ளணும்.

— அடுப்புக்காரன்கிட்டேயே ஆரம்பிக்கறேன், லல்லா. சாயங்காலத்துக்குள்ள இந்தத் தெருவுல தெரியாத ஆள் இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு. அந்தக் கையுறையையும் அடுப்புலயே போட்டுடறேன்.

— போடு. ஆனா நீ வராம இருந்துடாதே. வெறுங்கையோட வா. களிம்பை எப்படித் தடவறதுன்னு நஜியா காட்டுவா. மெதுவாத் தடவு, பேச்சை மட்டும் குறைச்சுக்காதே.

— இவங்களுக்கா பேச்சு குறையும்? லல்லா, கார் நிக்கற சத்தம். அவர்தான். நான் என்ன சொல்லட்டும்?

— நீ எதுக்குச் சொல்லணும்? மஹ்ஜூபா போய்க் கதவைத் திறப்பா. கை யாரோடதுன்னு அவளே சொல்லட்டும். நான் இந்த வீட்டை விட்டு, உன்னை விட்டு நகர மாட்டேன், அதை அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்.

— போறேன், போறேன். எனக்கென்ன வந்துச்சுன்னு இனிமே வாயால சொல்ல மாட்டேன்.

— போங்க அக்கா, தட்டறாரு. ஆனா லல்லா, மனசு ஆறலே எனக்கு. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை பாடு வந்திருக்குமா?

— பாடு வந்திருக்காது, மகளே. துஹாமியும் வந்திருக்க மாட்டான்.