ஒரு எழுத்து குறைந்த சாவி

என் பெயர் ராஜையன், வயது 22, தகப்பனார் சுவாமிதாஸ். சொந்த ஊர் பாறசாலை. இப்போது திருவனந்தபுரம் சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தனியாக இருக்கிறேன். இஞ்சினியரிங் காலேஜை இரண்டாம் வருடம் விட்டேன், போரடித்தது. அதன் பிறகு 1986-ல் தம்பானூரில் ஒரு பார்சல் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன்.

நாகர்கோவில் கிளையில் ரோஸ் என்ற பெண் இதே வேலை பார்த்தாள். பார்சல் விவரங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தனி டெலிபோன் லைனில் போகும். அதிலேயே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் பேசிக்கொண்டோம். நேரில் பார்த்ததில்லை. இந்த ஊரில் நான் வேறு யாரோடும் பேசுவதில்லை.

முதலாளி படித்துவிடக்கூடாதென்று ஒரு புரோகிராம் எழுதி, ஃப்ளாப்பியில் அவளுக்கும் அனுப்பினேன். சாவிச் சொல்லின் எழுத்துகள் திரும்பத் திரும்பச் செய்திமேல் ஓடி அதைக் கலைக்கும். அதே சொல்லைப் போட்டால் திறக்கும். முதலில் சாவி அவள் பெயர். பிறகு அவளே போனில், "என் பேரு வேண்டாம்டே, யாரும் கண்டுபிடிச்சிருவாங்க. மழைன்னு வச்சுக்க" என்றாள். அதன் பிறகு முதலாளி போனுக்குப் பூட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகு அவள் அனுப்பியதெல்லாம் 'ராஜை' வரை திறக்கும், மீதி குப்பையாக வரும். லைன் மோசம் என்று நினைத்தேன். தினமும் அந்த 'ராஜை'யைப் படித்தேன்.

கஸ்டமர் விலாசங்களை இப்படிப் பூட்டி எதிர்க் கம்பெனிக்குக் கடத்துகிறேன் என்று முதலாளி புகார் கொடுத்தார். இன்று எஸ்.ஐ. என்னைக் கம்பெனிக்குக் கொண்டுவந்து அவள் அனுப்பிய செய்திகளைத் திறக்கச் சொன்னார். திறந்தேன், குப்பைதான் வந்தது. "எந்தாடா இது, பிராந்தோ? உள்ளது பறயடா" என்றார், பைத்தியமா, உண்மையைச் சொல் என்று. அதன் பிறகு தமிழ்க்காரரான ஏட்டு யோசுவா, இந்த வாக்குமூலத்தில் இதுவரை எழுதியதை உரக்க வாசித்தார். அவர் வாயில் 'மழை' என்று வந்தது. நான் மலையாளம் மீடியத்தில் படித்தவன், மலையாளத்தில் சொல்வதுபோல 'மழ', mazha என்றே அடித்திருக்கிறேன். அவள் தமிழில் நினைத்து, கடைசியில் ஓர் i சேர்த்து mazhai என்று அடித்திருக்கிறாள். இரண்டிலும் முதல் ஐந்து எழுத்து ஒன்றுதான், அதனால்தான் rajai என்ற ஐந்து எழுத்து மட்டும் திறந்தது. அந்த எழுத்தைச் சேர்த்தேன், எல்லாம் திறந்தது. விலாசம் ஒன்றுகூட இல்லை என்பதை எஸ்.ஐ. பார்த்துக்கொண்டார்.

கடைசிச் செய்தி போன மாதத்தது. "ராஜையா, நீ அனுப்புறது ஒண்ணும் வெளங்கல. கோவமா? ஞாயித்துக்கெழம சர்ச்சுல எனக்குக் கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்கப் போறாங்க. வேண்டாம்னா ஒரு வார்த்த சொல்லு, நான் நிறுத்திருவேன்."

நீ என்ன பதில் அனுப்பினாய் என்று ஏட்டு கேட்டார். "லைன் சரியில்ல, திரும்ப அனுப்பு" என்று அனுப்பினேன். அதையும் 'மழ' போட்டுத்தான் அனுப்பினேன்.

இதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்) சு. ராஜையன்