வரைபடத்தில் நனைந்த மேடு

வறட்சி நிவாரணக் குழுவின் மாண்புமிகு தலைவர் ஹமூங்கா அவர்களே, வெயிலையே குடையாக்கி வீற்றிருக்கும் பெரியோர்களே, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, நம் அனைவருக்கும் மேலே சுற்றிவரும் செயற்கைக்கோள் அவர்களே, வணக்கம்.

எத்தனை கூர்மையான கண் அது. மண் தன் சூட்டில் கசியவிடும் நுண்ணலையை வானிலிருந்தே அளந்துவிடும். அலை வலுத்தால் வறட்சி. அலை மெலிந்தால் ஈரம். குறை ஒன்றே ஒன்று. அதன் ஒரு புள்ளிக்குள் நாற்பது கிலோமீட்டர் அடங்கும். கரீபா ஏரியும் நம் மேடும் அதற்கு ஒன்றுதான். அன்று நம் தாத்தாக்களின் வயல்களை விழுங்கி நம்மை மேட்டுக்குத் துரத்திய ஏரி, இன்று இந்த மேட்டையும் நனைத்துவிட்டது, வரைபடத்தில். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, வரைபடம் வண்ணத்தில் இருக்கிறது.

சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். மருத்துவ நிலைய முற்றத்தில், மண்ணின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைக் குத்தினார். முள் ஏறியது. நம் வழக்கப்படி, செக்கெலோவின் அம்மா என்று என் மகன் பெயரைச் சேர்த்தே என்னை அழைத்தார்.

"பாருங்க பினா செக்கெலோ, மேல இருக்கறதும் ஈரம்னு சொல்லுது, மண்ணும் ஈரம்னு சொல்லுது. இன்னும் எதுக்கும்மா புலம்பல்?"

ஏன் ஏறியது முள்? விருந்தாளி வந்தால் புழுதி அடங்க முற்றத்தில் தண்ணீர் தெளிப்போமே, அதனால். தெளித்தது யார்? நான். கல்லூரியில் மண்ணியல் படித்த நான்.

அவர் போனதும் பக்கத்து வீட்டு லுயாண்டோ கேட்டாள்: "ஏண்டி, படிச்சவதானே நீ? அவரு செருப்புல தூசி படக்கூடாதுன்னு நம்ம புள்ளைங்க வாயில மண்ணைப் போட்டுட்டியே."

'சரியாத்தான் கேட்டா' என்று அங்கே யாரோ சொல்கிறீர்கள். சரிதான் அண்ணா.

திங்கட்கிழமையோடு பிள்ளைகளின் சோளக்கஞ்சி நிற்கும். பிள்ளைகளின் மெலிவை அறிய செக்கெலோவின் கையைச் சுற்றி அளக்கும் நாடா மஞ்சளைத் தாண்டிச் சிவப்பைத் தொடுகிறது. அந்தக் கையை எந்த ஏரி நனைத்தது? அந்தச் சிவப்பு எந்தப் புள்ளிக்குள் அடங்கும்?

தலைவர் அவர்களே, நிவாரணப் பட்டியலிலிருந்து நம் ஊரை நீக்கும் தாள் உங்கள் மேசையில், கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது. வானத்தை நான் பழிக்கவில்லை; அது தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. பொய் சொன்னது என் குடம். பழியை என்மேல் எழுதுங்கள், பிள்ளைகள்மேல் எழுதாதீர்கள். மேடையை விட்டு இறங்குங்கள். எந்த வயலையும் தேர்ந்தெடுங்கள். ஈரமானியை உங்கள் கையாலேயே குத்துங்கள். முனை மண்ணில் இறங்கினால் கையொப்பமிடுங்கள். இறங்காமல் வளைந்தால், தாளைக் கிழித்துவிட்டுக் கஞ்சிக்கு உலை வைக்கச் சொல்லுங்கள்.

இதுவரை பொறுத்த தாய்மார்களுக்கு நன்றி. இறங்கப்போகும் தலைவருக்கு முன்கூட்டியே நன்றி. வயலுக்கு வழி இந்தப் பக்கம் ஐயா. வணக்கம்.