கொல்லைப் பக்கமாகச் சுற்றி வா

தேநீருக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கவேண்டும். சுட்டால் மட்டும் போதாது. நீதிபதி ஐயா, நேற்றும் இன்றும் உங்கள் சிப்பாய் எனக்குக் கொண்டுவந்து வைத்தது வெந்நீரில் இலையை நனைத்த கஷாயம். குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் காப்பி குடிக்கிறவர்கள், உங்களுக்கு இது தெரிய நியாயமில்லை. மொழிபெயர்ப்பாளர் இதையும் எழுதிக்கொள்ளட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன், அவர் அவசரப்படவேண்டாம்.

என் பெயர் சிவப்பிரகாசம். பாகூர் ஏரிப் பாசனத்தில் எனக்கு நாற்பது காணி நிலம். பாதி நெல், பாதி கரும்பு. அதை என் தம்பி பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நான் பிரெஞ்சு எல்லைக்கு அந்தப்பக்கம் கடலூரில் இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆங்கிலேயத் துரையிடம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். பகலெல்லாம் கச்சேரி ஆபீஸில், சாயங்காலம் காகிதக்கட்டோடு அவர் பங்களாவில். கச்சேரியில் கற்றது கொஞ்சம். பங்களாவில் கற்றதுதான் அதிகம்.

ஒருவன் கோப்பையைத் தூக்குகிற விதத்தைப் பார்த்தே அவன் தகப்பன் என்ன தொழில் செய்தான் என்று துரைசானி சொல்லிவிடுவாள். சீமையில் இறைச்சிக்கடைக்காரன் முன்வாசல் மணியை அடித்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காதாம். துரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பங்களாவுக்கு மூன்று வாசல். முன்வாசல் விருந்தாளிக்கு. பக்கவாசல் குமாஸ்தாவுக்கு. கொல்லைவாசல் வேலைக்காரருக்கு. இருபத்திரண்டு வருஷமும் நான் பக்கவாசல் வழியாகத்தான் போய்வந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. தன் வாசல் எது என்று தெரிந்தவனுக்கு வருத்தம் ஏது?

ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் வீட்டை இடித்துக் கட்டினேன். மூன்று வாசல் வைத்துக் கட்டினேன். முன்வாசல் வழியாக நான் வருவேன், என் விருந்தாளிகள் வருவார்கள், என் நாய் வரும். துரை கொடுத்த நாய், சீமை ஜாதி, பெயர் ட்யூக். அதன் தகப்பன், பாட்டன், பூட்டன் பெயர்களெல்லாம் அச்சடித்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் வயலில் கரும்பு வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டுப் பாட்டன் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். பிறகு, நாயைச் சோபாவில் உட்காரவைத்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வேறு யாரை உட்காரவைப்பது?

உங்கள் கொம்யூன் பஞ்சாயத்துக் கட்டட முகப்பில் சமத்துவம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அழகான எழுத்து. மழைக்காலத்தில் கொஞ்சம் வெளிறிப்போகிறது, அவ்வளவுதான்.

இனி அந்த மருந்து விஷயம்.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில், கரும்பு வெட்டும்போது எங்கள் பக்கம் மூன்று ஆட்களை நல்லபாம்பு தீண்டிவிட்டது. மூன்று பேரும் போய்விட்டார்கள். புதுச்சேரியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்து, விஷமுறிவு மருந்து ஒரு புட்டி கொண்டுவந்து கொடுத்தார். ஒரே ஒரு புட்டி. கரும்பு வெட்டுகிறவர்களுக்கு என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தது. ஊசி போடக் கம்பவுண்டர் சிங்காரவேலுவுக்குக் கற்றுக்கொடுத்தார். மருந்தைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும்; கம்பவுண்டர் வீடு கூரை வீடு. நிலவறை உள்ள வீடு என்னுடையது ஒன்றுதான். அதனால் மருந்தும் ஓர் ஊசியும் என்னிடம் வந்தன. நிலவறைச் சாவி என் இடுப்பில் இருந்தது. பொது விஷயத்துக்கு நான் இடம் கொடுத்தேன். அதற்கு நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ரோசம்மாளைப் பற்றியும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்பதற்கு முன்பே.

அவள் எங்கள் சேரிப் பெண். கிறிஸ்தவள். சின்ன வயதிலேயே புதுச்சேரிக்குப் போய் ஒரு பிரெஞ்சு அதிகாரி வீட்டில் பத்து வருஷம் சமையலும் பரிமாறலுமாக இருந்தாள். அவர்கள் கப்பலேறியதும் ஊருக்குத் திரும்பி, ஆரோக்கியம் என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஆரோக்கியம் என் கரும்புத் தோட்டத்து ஆள். நல்ல வேலைக்காரன், வாய் திறக்கமாட்டான். அவளுக்குத்தான் நடையே வேறு. பேசும்போது நிலத்தைப் பார்க்கமாட்டாள், முகத்தைப் பார்ப்பாள். பிரெஞ்சுக்காரர்கள் கெடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கோபமில்லை. பரிதாபம்தான்.

போன கார்த்திகையில் என் பழைய துரைக்குத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கடலூரிலிருந்து எங்கள் ஏரியைப் பார்க்க வந்தார்கள். அவர்களைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். வீட்டில் பரிமாறுகிறவன் என் ஆள் நடேசன். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல். பரிமாறத் தெரிந்தவள் என்று ரோசம்மாளைக் கூப்பிட்டனுப்பினேன். கொல்லைவாசல் வழியாகத்தான் வந்தாள். அதைச் சொல்லிவிடவேண்டும்.

தேநீரை நானே ஊற்றினேன். முதலில் பால், அதன்மேல் தேநீர். ரோசம்மாள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

“ஐயா, மொதல்ல டீ ஊத்துங்க. அவுங்க பால் எம்மாம் வேணும்னு பாத்து ஊத்திக்குவாங்க.”

வந்திருந்த துரைசானி கவனித்துவிட்டாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். ரோசம்மாள் அவளுக்குப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். துரைசானிக்கும் கொஞ்சம் பிரெஞ்சு வரும் போலிருக்கிறது. இருவரும் பேசிச் சிரித்தார்கள். பிறகு துரைசானி என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், மிகவும் அன்பாகச் சொன்னாள்: “பரவாயில்லை, எங்கள் வண்டிக்காரனும் பாலைத்தான் முதலில் ஊற்றுவான்.”

துரையும் சிரித்தார். நானும் சிரித்தேன். ரோசம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். விருந்தென்றால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். அன்றைக்குப் புறப்படும்போது துரைசானி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எனக்குக் கை அசைத்தாள். இதையெல்லாம் நான் அப்போதே மறந்துவிட்டேன். நாள், கிழமை, அவள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், எத்தனை முறை சிரித்தாள் என்பது வரைக்கும் நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

தை மாதம், வெள்ளிக்கிழமை. கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. நாலு மணிக்கு நான் தேநீருக்கு உட்கார்வேன். ஊரில் அதைப் பார்த்துத்தான் மணி சொல்வார்கள். அன்றைக்கு மூன்றரை மணி வாக்கில் ட்யூக் தோட்டத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தது. முன்னங்காலில் பல் பட்ட காயம், கொஞ்சம் ரத்தம். பாம்புக்கடி. நடேசனை விட்டு நிலவறையிலிருந்து மருந்துப் புட்டியையும் ஊசியையும் எடுத்துவரச் சொன்னேன். கடலூரில் குதிரை டாக்டருக்கு நான் பலமுறை ஒத்தாசை செய்திருக்கிறேன். ஊசி போடுவது எனக்குப் புதிதில்லை.

அப்போது ரோசம்மாள் வந்தாள். முன்வாசலுக்கு வந்தாள். செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. காலெல்லாம் கரும்புச் சோகை அறுத்த கோடு. படியேறி நேராகக் கூடத்துக்குள் வந்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ஐயா, எங்க வூட்டுக்காரர நல்லபாம்பு கடிச்சிட்டுது. கம்பவுண்டர் வூட்ல படுக்க வெச்சிருக்கோம். கண்ணு ரெப்பை இறங்கிக்கினு வருது. உங்ககிட்ட இருக்கற மருந்த குடுங்க.”

குடுங்க என்றாள். அவ்வளவுதான். கும்பிடவில்லை. ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டில் அரிசி புடைக்க முறம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“இது முன்வாசல்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “இன்னாங்க?” என்றாள்.

“இது முன்வாசல். கொல்லைப் பக்கமாகச் சுற்றி வா.”

“ஐயா, நேரமில்லிங்க. நான் வெளியில போயி நிக்கறேன். ஜன்னல் வழியா குடுத்தாக்கூட போதும்.”

“எந்த வாசலாக இருந்தாலும் வீடு ஒன்றுதானே. சுற்றி வா.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். என் வீட்டு மதில் நீளமானது. தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் கொல்லைக்கு வரமுடியும். நடந்தால் கால் மணி. அவள் அதற்குப் பாதிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி ஓடும் பெண்ணை நான் பார்த்ததில்லை.

கொல்லைக் கதவுக்கு அவள் வந்தபோது மருந்து நாய்க்குச் செலுத்தப்பட்டிருந்தது. உங்கள் போலீசாரிடம் முதல்நாள் நான் சொன்னதும் இதுதான். அது உண்மை.

“மருந்து தீர்ந்துபோயிற்று” என்று அவளிடம் சொன்னேன்.

அவள் என்னைத் தாண்டிக் கூடத்தைப் பார்த்தாள். சோபாவில் ட்யூக் காலை நக்கிக்கொண்டிருந்தது.

“நாய்க்கா ஐயா?” என்றாள்.

கேள்வி கேட்கிற இடத்தில் அவள் இல்லை.

அழவில்லை, சபிக்கவில்லை. “காலிப் புட்டியயாவது குடுங்க. ஒரு சொட்டு ஒட்டிக்கினு இருக்கும்” என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். எனக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அந்தப் புட்டிதான் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. சிங்காரவேலு அதில் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு அலம்பி அந்தத் தண்ணீரை ஊசியாகப் போட்டானாம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரோக்கியம் இறந்துபோனான். கடைசிவரை நினைவு இருந்ததாம்; நாக்கு மட்டும் எழவில்லையாம். நான்தான் சொன்னேனே, அவன் வாய் திறக்கமாட்டான்.

அடக்கத்துக்கு நான் பத்து முழம் துணியும் ஒரு மூட்டை அரிசியும் அனுப்பினேன். அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். நடேசன் அதைத் தலையில் சுமந்துகொண்டு ஊர் பார்க்கத் தெருவழியே திரும்பி வந்தான். அடுத்த திங்கட்கிழமை அவள் புதுச்சேரிக்கு நடந்தே வந்து உங்களுக்கு மனு கொடுத்தாள். பிரெஞ்சில், தன் கையாலேயே எழுதி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்று மொழிபெயர்ப்பாளர் என்னிடம் ஆச்சரியப்பட்டார். அவர் ஆச்சரியப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இனி நீங்கள் இரண்டு நாளாகக் கேட்பது. அவள் முன்வாசலில் நின்றபோது மருந்து எங்கே இருந்தது?

தேநீர்த் தட்டின் பக்கத்தில் இருந்தது. திறக்காத புட்டி. அவள் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைப்போல் தலை குனிந்திருந்தால் பார்த்திருப்பாள்.

அவள் படியிறங்கியதும் புட்டியைத் திறந்தேன். தென்னந்தோப்புப் பக்கம் அவள் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடேசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் பொய் சொல்லமாட்டான். அவன் என்னிடம் சொன்னது இது:

“ஐயா, வாணாங்க. ட்யூக்க கடிச்சது சாரைங்க. நானே பாத்தேன். வாய்க்கா ஓரமா போச்சி, நீங்களும் பாத்தீங்களே. அந்த ஆளுக்குக் குடுத்துடுங்க ஐயா.”

“காலைப் பிடி” என்றேன். பிடித்தான்.

ஆம், நானும் பார்த்தேன். சாரைப்பாம்புதான். மருந்தை எடுத்துவரச் சொன்னது ரத்தத்தைக் கண்ட பதற்றத்தில்; அதனால்தான் புட்டி திறக்காமல் இருந்தது. சாரைக்கு விஷமில்லை என்பது பாகூரில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். தெரிந்தேதான் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நாய்க்கு ஏற்றினேன். இதில் எனக்கு யார்மேலும் பகையில்லை. வீட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அவ்வளவுதான். அவள் வந்து தட்டியபோது வேலைக்காரனை அனுப்பாமல் நானே எழுந்துபோய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன். அவளை ஒரு நிமிஷம்கூட வாசலில் காக்கவைக்கவில்லை என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.