கும்ரிஹானின் சேவல்

கோழிக்கு உடம்பு சரியில்லையென்றால் முதலில் எச்சத்தைப் பாருங்கள், தம்பி. கொண்டையைப் பார்த்து நோயைச் சொல்கிறவன் அரைகுறை. நான் கொண்டையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் நமங்கான் வட்டாரத்தில் குதிரை வைத்தியர்கள். குதிரைகள் போனபின் எனக்கு மிஞ்சியவை கோழிகள். கௌரவம் மட்டும் குதிரை உயரத்திலேயே நின்றுவிட்டது.

இந்த வசந்தத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. சளி என்றேன். பூண்டை நசுக்கித் தயிரில் குழைத்து ஊட்டினேன். மறுநாள் ஒரு பெட்டைக்கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தையே பார்த்தது.

"சளி பிடிச்ச கோழி நட்சத்திரம் எண்ணுமா?" என்றாள் என் மனைவி அதாலத்.

"கண்ணு பட்டிருக்கு" என்று நோயின் பெயரை மாற்றினேன்.

கண்ணேறுக்கு எங்கள் மருந்து இஸிரிக். காய்ந்த செடியைத் தணலில் போட்டுப் புகை காட்டுவோம். என் கூண்டுக்குக் காட்டிவிட்டு, தெருவுக்கும் நல்லது செய்வோமே என்று புகைச்சட்டியோடு கிளம்பினேன். தோல் காலுறைக்கு மேல் மாட்டும் ரப்பர் செருப்பு அப்படியே காலில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக் கூண்டுக்குள்ளும் போனேன். வெள்ளைத் தாடிக்காரன் புகையோடு வந்தால் யார் தடுப்பார்கள்? ரொட்டி கொடுத்து அனுப்பினார்கள்.

கால்வாய்க்கரைக் கடைசி வீட்டுக் கும்ரிஹான் தடுத்தாள். புருஷன் இல்லாதவள், முட்டை விற்றுப் பிழைப்பவள்.

"கோவிச்சுக்காதீங்க பெரியப்பா. தடுப்பூசி போடுற வரைக்கும் யாரையும் கோழிக்கிட்ட விடாதேன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"புகைக்குமா தடை?"

"புகை வரட்டும். நீங்கதான் வரக்கூடாது."

பக்கத்து வீடுகளில் சிரிப்பு கேட்டது.

பிறகு தெருவெங்கும் கோழிகள் சரிந்தன. கால்நடை டாக்டர் வந்தாள், சின்னப் பெண். செத்ததை அறுத்துப் பார்த்துவிட்டு என் பாதங்களைப் பார்த்தாள்.

"வெள்ளைக்கழிச்சல், தாத்தா. இந்தச் செருப்போட எங்கெல்லாம் போனீங்க? ஒட்டியிருக்கற எச்சமே போதும், பரவிடும். நல்லாக் கழுவி மருந்து ஊத்துங்க. தடுப்பூசி வந்து சேர்ற வரைக்கும் வெளியே போகாதீங்க."

யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான் சொன்னாள். நல்ல வளர்ப்பு.

வைத்தியன் நான், தொற்றும் நானே. இதற்கு நானே கொஞ்சம் சிரித்தேன். ஆனால் காலையில் கும்ரிஹானின் சேவல் கூவியது. ஓசையடங்கிய தெருவில் அது ஒன்றுதான் கூவியது. நான் நுழைந்த வீடுகளில் சாவு, நுழையாத வீட்டில் கூவல். எங்கள் தெருக்காரர்கள் மந்தம்தான்; ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். அன்றோடு மூன்று தலைமுறைப் பெயர் முடிந்துவிடும்.

சந்தை நாளன்று அவள் முட்டைக்கூடையோடு போனதும் நான் கிளம்பினேன். செருப்பைக் கழுவவில்லை. எங்கள் காலிக் கூண்டில் முதலில் சிறிது நேரம் நடந்தேன், களிமண் மிதிக்கிறவனைப்போல. பிறகு அவளுடைய கூண்டுக்குப் போனேன். ஈரமில்லாத தரை, தெளிந்த தண்ணீர், பளபளக்கும் இறகு. வைத்தியன் என்ற முறையில் மெச்சினேன். கோதுமையை என் காலடியில் தூவினேன். எல்லாம் ஓடிவந்தன, சேவல்தான் முதலில் வந்தது.

நாலைந்து நாளில் அவற்றுக்கும் கழுத்து முறுக்கியது. ஒன்றும் தப்பவில்லை. கும்ரிஹான் ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். தெருவே பார்த்தது.

"உங்க புகையைத் தடுத்தேன் பெரியப்பா. அந்தப் பாவம்தான் என் கோழிங்களைத் தின்னுடுச்சு. என்னை மன்னிச்சிருங்க."

அவள் தலையில் கைவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மன்னித்தேன்.

அவள் இப்போது எப்படிப் பிழைக்கிறாள் என்று கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் துணி துவைக்க வரச் சொல்லியிருக்கிறேன். கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.