அமாவாசையன்று காணாமல் போன தண்ணீர் முறை

பெயர் செல்வப்பிரியா, வயது 28, தந்தை பெயர் பூபதிராஜா, மேற்குத் தோட்டம், வேலங்காட்டுப்பதி, சிற்றூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம். வாய்க்கால் பாசனச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பணி. மலையாளம் தெரியும் என்றும், கோபத்தில் தமிழ்தான் வருகிறது என்றும் கூறியதால் வாக்குமூலம் தமிழில் பதிவு செய்யப்பட்டது.

எங்கள் சங்கத்தில் அறுபத்துமூன்று விவசாயிகள் இருக்கிறார்கள். யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பதை ஒவ்வொரு தண்ணீர் திறப்புக்கும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறோம். பிறகு யாரும் கிளறிச் சண்டை போடக் கூடாது என்று சீட்டுகளை வாய்க்காலிலேயே விட்டுவிடுவது வழக்கம். நேற்று குலுக்கியதில் ஆறுச்சாமி அவர்களுக்கு முதல் முறை, அதாவது நாளைக் காலை ஆறு மணி. நாளுக்கு மூன்று பேர் என்பதால் என் தந்தைக்கு இருபத்தோராம் நாள், கடைசி முறை. அனைத்தையும் டேட்டாபேஸில் பதிந்தேன். நாளைதான் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதால் தாளில் எடுக்கவில்லை. அது என் தவறு.

இன்று அமாவாசை. எங்கள் பக்கம் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள், சங்கமும் பூட்டியிருக்கும். யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நான் மட்டும் காலை பத்து மணிக்குத் திறந்து உட்கார்ந்தேன். டேட்டாபேஸை இயக்கும் சர்வர் புரோகிராம், கம்ப்யூட்டருக்குள்ளேயே தனிப் பெட்டி மாதிரி இருக்கும் ஒரு கண்டெய்னருக்குள் ஓடுகிறது. அந்தக் கண்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பில் வேறொன்றைத் தொடங்கினேன். அதன் பிறகு திறந்து பார்த்தபோது பட்டியலே இல்லை.

அப்போது அந்த வழியாக வந்த ஆறுச்சாமி அவர்கள் தம் முறையைக் காட்டச் சொன்னார். காட்ட ஒன்றும் இல்லை. அப்பனுக்குக் கடைசி முறை விழுந்ததால் மறுபடி குலுக்க வைக்க நான் அழித்துவிட்டேன் என்று வாய்க்கால் கரையில் நின்று சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அவருடைய நெல் பால் பிடிக்கும் நேரம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் என்னைத் திருடி என்றும் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

அதன் பிறகு எஸ்.ஐ. சார் ஆறுச்சாமியோடு சங்க அலுவலகத்துக்கே வந்து, என்ன செய்தாய் என்று கேட்டார். கிணற்றிலிருந்த மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புது மோட்டார் வைத்ததுபோல என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. தகவல் கண்டெய்னருக்குள் இருப்பதில்லை, வெளியே ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் இருக்கிறது. புதிய கண்டெய்னரோடு அந்த ஃபோல்டரை இணைக்காமலே தொடங்கியிருக்கிறேன். குழாயைத் தண்ணீரில் இறக்காமல் மோட்டாரைப் போட்ட கதை. உடனே அதை நிறுத்தி, ஃபோல்டரை இணைத்து, சார் முன்னிலையில் மறுபடி தொடங்கினேன். அறுபத்துமூன்று பெயர்களும் வந்தன. ஆறுச்சாமி முதல், பூபதிராஜா கடைசி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு வந்து பின்னால் நின்ற என் தந்தை, "பேரு கெட்டதுதான் கெட்டுது அம்மிணி, ஒரு பத்து நாளாச்சும் என்னைய முன்னால தள்ளி வெச்சிருக்கலாமல்ல" என்றார். சார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆறுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் புகாரைக் கிழித்துவிடச் சொன்னார். நான் கூடாது என்றேன். கிழித்தால் ஊரில் பேச்சு மட்டும் மிஞ்சும். புகார் இருக்கட்டும், இங்கே நேரில் பார்த்ததையும் அதோடு சேர்த்து எழுதுங்கள் என்று சாரிடம் கேட்டுக்கொண்டேன். அதற்கு ஆறுச்சாமி, "எழுதுங்க சார். நாந்தான் அவசரப்பட்டுட்டனுங்க. கையெழுத்தும் நானே போடறனுங்க" என்றார். எனக்கு அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. பட்டியலை மூன்று பிரதி எடுத்து, ஒன்றை இப்போதே பலகையில் ஒட்டிவிட்டேன்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியும் குறைத்தும் எதுவும் இல்லை, நடந்தது இதுதான்.

(ஒப்பம்) செல்வப்பிரியா

சாட்சி: (ஒப்பம்) ஆறுச்சாமி, புகார்தாரர்