ஹில்டா அம்மையார் விட்டுப்போன வசவு

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மேபல் கிளெக் அம்மையார் அவர்களே, நமது அகராதியை அச்சிடுவதற்காக லண்டனிலிருந்து வந்திருக்கும் பதிப்பாளர் ரூபர்ட் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஹில்டாவின் கணவர் வில்ஃப் ஆஸ்பினால் அவர்களே, விருந்துக்கு வைத்திருக்கும் இறைச்சி 'பை' பலகாரத்தின் மேல் ஒரு கண்ணும் என்மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருக்கும் ஓல்டம் நகரத்துப் பெருமக்களே, வணக்கம்!

நம் வட்டாரச் சொல் மன்றத்தின் தாய், ஹில்டா ஆஸ்பினால் அம்மையார் போய்விட்டார். போய்விட்டாரா? நச்சரிக்கும் பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் "மிதர் பண்ணாதடா" என்று கத்தும்போதெல்லாம் அங்கே நிற்பது யார்? ஹில்டா அல்லவா!

அவர் சொல் சேர்த்த விதம் உங்களுக்குத் தெரியும். வரிசையில் முந்துவது நம் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். அந்தக் குற்றத்தை வேண்டுமென்றே செய்தவர் அவர்! ரொட்டிக்கடை வரிசையில் நடுவே புகுந்தார். பின்னால் நின்ற நோரா லோமாக்ஸ் பொங்கிவிட்டார். "ஏம்மா, காலைலேர்ந்து கிளெம் ஆகி நிக்கிறேன், நீ நடுவுல வந்து நொழையிறியா?" பசியில் குடல் ஒட்டிப்போனதைச் சொல்லும் அந்தப் பழைய சொல் கிடைத்ததும் ஹில்டா நோராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நோராவுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. அப்போது இன்னும் இரண்டு சொற்கள் கிடைத்தன. அவற்றை இந்த மேடையில் சொல்ல முடியாது.

"கேட்டதுக்காகச் சொல்ற வார்த்தை செத்த வார்த்தைப்பா. எரிச்சல்ல தானா வாயில வந்து விழணும். அப்பத்தான் அதுக்கு உயிர் இருக்கு." இது ஹில்டா வகுத்த விதி. அப்படிச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாத சொல்லுக்கு நம் அகராதியில் செத்த சொல் என்று சிலுவைக் குறி விழும். அந்த விதிக்குத் தன்னையும் அவர் விலக்காக வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்போது எனக்கு இந்தச் சங்கடம்.

'பிளாதர்ஸ்கைட்' என்றொரு சொல். வாய் ஓயாமல் வெட்டிப்பேச்சு பேசுகிறவன் என்று பொருள். இந்த ஊரில் அதை மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஹில்டா ஒருவர்தான். யாரைச் சொல்வார்? என்னைத்தான்! நான் நன்றியுரை சொல்ல எழுந்தாலே போதும், "ஒக்காருய்யா பிளாதர்ஸ்கைட்" என்பார். அவரும் போன பிறகு அச்சொல்லுக்கு யார் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. "குறி போட்டுடலாமா சார்?" என்று ரூபர்ட் மன்றச் செயலாளரான என்னிடம் வாசலிலேயே கேட்டுவிட்டார். ஹில்டாவின் சொல்லை என் கையாலேயே புதைப்பதா? மேபல் அம்மையார் காலையில் தன் பூனையை அப்படித் திட்டிப் பார்த்தாராம். செல்லமாகத் திட்டினாராம். செல்லாது அம்மா!

அது கிடக்கட்டும். ஹில்டாவின் குணத்தைச் சொல்ல வேண்டும். அவர் சாந்தத்தின் வடிவம்! பொறுமையின் சிகரம்! வாழ்நாளில் எவரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாத அந்தப் புனித உள்ளம், அந்த...

என்ன வில்ஃப்? ஏன் எழுந்துவிட்டீர்கள்?

என்ன சொன்னீர்கள்?

நண்பர்களே, பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மனைவி போனதிலிருந்து யாரிடமும் வாய் திறக்காத இந்த மனிதர் கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்திவிட்டுச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "எவளைப் பத்திய்யா பேசுற? கடுஞ்சொல்லே சொல்லாதவளா? தெனம் காலைல என்னைத் திட்டாம அவளுக்கு டீ எறங்காது. அந்த ஹில்டாதான்யா எனக்கு வேணும், நீ சொல்ற பொம்பளை எவளோ! ஒக்காருய்யா, பிளாதர்ஸ்கைட்!"

கேட்டீர்களா? சொல்லும்படி யாரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒப்புக்காகச் சொல்லவில்லை. முகம் சிவந்து, கண் கலங்கி, தானாக வந்து விழுந்தது! ரூபர்ட் அவர்களே, அந்தப் பேனாவை மூடுங்கள். குறி கிடையாது!

வில்ஃப், நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் வாயாடி, முன்கோபி, வரிசையில் முந்துகிறவர். அவரைத்தான் நாங்களும் இழந்து நிற்கிறோம். ஹில்டா அம்மையாரே, உங்கள் அகராதி திங்கட்கிழமை அச்சேறும். அடுத்த பதிப்புக்காக நாளை காலையிலிருந்தே நம் மன்றத்தார் ஊரிலுள்ள ஒவ்வொரு வரிசையிலும் முந்துவார்கள், அடி விழுந்தாலும் சரி! இது நான் தரும் வாக்கு.

இன்னும் நிறையப் பேச வைத்திருந்தேன். வில்ஃப் மறுபடியும் கைத்தடியைத் தூக்குகிறார். உட்கார்ந்துவிடுகிறேன்.