பெனிஷ் கொண்டுவந்த பலகைகள்

பிளைவுட் வாங்கும்போது நான் முதலில் பலகையின் ஓரத்தைத்தான் பார்ப்பேன். அடுக்குகள் அங்கேதான் தெரியும். நடுவில் சந்து இருந்தால் அந்தப் பலகை டெக்சாஸ் வெயிலுக்கு இரண்டு வருஷம்கூடத் தாங்காது, வளைந்துவிடும். பல பேர் மேற்பக்கத்து வழவழப்பில் ஏமாந்து வாங்கிப் போவார்கள்.

நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும், சார். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு இருபதுக்கு என் கராஜ் கதவு மூடியதை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். 911-க்குப் போன் போனது மூன்று ஐந்துக்கு. இடையில் இருந்த நாற்பத்தைந்து நிமிஷமும் பெனிஷ் உயிரோடு இருந்தான், உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது உங்கள் கேள்வி. அவன் மனைவி பிரீத்தாவும் அதையேதான் கேட்கிறாளாம். சொல்கிறேன். பலகையைப் பற்றித் தெரியாமல் கேட்டால் உங்களுக்கு விளங்காது, அதனால் அங்கிருந்து வருகிறேன்.

என் பெயர் வேதமாணிக்கம். ஊர் நாகர்கோவில் பக்கம். 1991-இல் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனிக்கு வந்தேன். டெஸ்டிங் வேலை. அடுத்தவன் செய்ததில் பிழை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கம்பெனி பிக்னிக்கில் ஒஹாயோக்காரர் ஒருவர் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து புல்லில் எதிரும் புதிருமாகப் போட்டார். சாய்ந்த பலகை, மேல் பக்கத்தில் ஓர் ஓட்டை. சோளம் நிரப்பிய சின்னப் பையைத் தூர நின்று எறிந்து ஓட்டையில் விழவைக்க வேண்டும். கார்ன்ஹோல் என்றார். எல்லாரும் எறிந்துகொண்டிருந்தபோது நான் பலகையைக் கவிழ்த்துப் பார்த்தேன். குறுக்குச்சட்டம் இல்லை. பை விழும்போதெல்லாம் பலகை அதிர்ந்தது. ஒரு மனுஷன் இதைக்கூடக் கவனிக்காமல் எப்படித் தூங்குகிறான் என்று நினைத்தேன்.

நல்ல பலகை என்றால் இரண்டடிக்கு நாலடி. ஓட்டை ஆறு அங்குலம். அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து ஒன்பது அங்குலம், இரண்டு பக்கத்திலிருந்தும் பன்னிரண்டு. பின்பக்கம் தரையிலிருந்து ஓரடி உயரம். ஸ்க்ரூ தலைகள் மரத்துக்குள் அமிழ்ந்து, மேலே புட்டி வைத்து மூடியிருக்க வேண்டும். ஓட்டையின் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டக் கூடாது. வார்னிஷ் அதிகமானால் பை வழுக்கிக்கொண்டு ஓடும், குறைந்தால் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொள்ளும். நான் நாலு தரம் உப்புத்தாள் போடுவேன். கடைசித் தரம் கையால் மட்டும்.

பிளானோவில் எங்கள் தமிழ்ச் சபை வாடகைக்கு எடுத்த ஓர் ஆலயத்தில் கூடுகிறது. அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. ஊரில் வாழைக்குலையும் கோழியும் கொண்டுவருவார்கள். இங்கே அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள், பாஸ்டர் ஜெபம் பண்ணுவார். 1993-லிருந்து ஆறு வருஷம் என் பலகைகள் அங்கே நின்றன. முதல் வருஷம் ஆன்ட்டிமார் ஒரு பிரச்சினை கிளப்பினார்கள். பண்டிகை நாளில் தானியத்தைத் தூக்கி எறிந்து காலில் மிதிக்கிறதா என்று. சரி என்று பைகளில் மீன்தொட்டிக் கூழாங்கல்லை நிரப்பினேன். ஒரு பையனுக்கு நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. எறியத் தெரியாதவன் குறுக்கே நிற்கக் கூடாது.

எனக்குக் கோபம் வராது, சார். கிருபாராணியையே கேளுங்கள். என் மனைவி, பதினான்கு வருஷமாகக் கூட இருக்கிறாள். ஒரு தடவை சமையலறை டிராயர் சிக்கிக்கொண்டது என்று என் மூலைமட்டத்தை எடுத்து நெம்பியிருந்தாள். மூலைமட்டத்தில் மூலை தொண்ணூறு டிகிரியிலிருந்து இம்மி விலகினாலும் அது வெறும் இரும்பு. நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. எதற்கு எதைப் பயன்படுத்த வேண்டும் என்று விளக்கினேன், கவனம் சிதறாமல் இருக்க அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எலும்பு விரிசல் விட்டுவிட்டது. எமர்ஜென்சியில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் மாடி கிடையாது.

பெனிஷ் போன வருஷம் சபைக்கு வந்தான். முப்பது வயது, நம்ம ஊர்க்காரன், எல்லாரிடமும் சிரிப்பான். சனிக்கிழமைதோறும் என் கராஜுக்கு வந்து நின்றான். "அண்ணே, எனக்கும் சொல்லிக் குடுங்களேன். ஆபீஸ்ல நாள் முழுக்க ஸ்கிரீனையே பார்த்துப் பார்த்து பைத்தியம் பிடிக்குது" என்றான். சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் மாசம் ரம்பத்தில் அவன் இடதுகை மோதிரவிரலின் நுனி போயிற்று. பிளேடு மூடி தளர்ந்திருந்ததை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இனி வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். கட்டு பிரித்த மறுவாரமே வந்து நின்றான், பிரீத்தா செய்த அச்சுமுறுக்கோடு.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் போன் பண்ணினார். "பிரதர், நீங்க ஆறு வருஷமா குடுத்துட்டீங்க. இந்த தடவ பெனிஷ் ஃபர்ஸ்ட் டைமா ஒரு செட் பண்ணியிருக்கான். முதற்பலன், ஆல்டர்ல வைக்கணும்னு ஆசைப்படுறான். உங்க செட்ட பார்க்கிங் லாட்ல பசங்களுக்குப் போட்டுக்கலாம், ஓகேயா?" ஓகே என்றேன். பெனிஷ் தன் பைகளில் சோளமே நிரப்பியிருக்கிறான் என்றும் சொன்னார். சபையின் மூத்த ஆன்ட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறான். பண்டிகை முடிந்ததும் பையைப் பிரித்துப் பறவைகளுக்குப் போட்டுவிடலாம் என்றானாம். ஆன்ட்டி உடனே சம்மதித்துவிட்டாளாம். ஆறு வருஷமாக எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. வலித்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் இரண்டு மணிக்கு அவன் வேனில் பலகைகளோடு வந்தான். நான் கூப்பிடவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, நீங்க செக் பண்ணி ஓகே சொன்னாத்தான் நாளைக்கு கொண்டு போவேன். தப்பு இருந்தா சொல்லுங்க, இப்பவே சரி பண்ணிடுறேன்."

"இருக்கும். முதல் செட்டுல இல்லாம இருக்காது" என்றேன்.

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

நீளம் சரியாக இருந்தது. அகலம் சரியாக இருந்தது. ஓட்டையின் விளிம்பில் விரலை ஓட்டினேன், தட்டவில்லை. மூலைக்கு மூலை அளக்க வேண்டும் என்றேன். அவன் முட்டிபோட்டு டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வந்தது. "எப்படிண்ணே, ஓகேயா?" என்று குனிந்தபடியே கேட்டான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று நான்தான் பட்டனை அழுத்திக் கதவை இறக்கினேன். சுத்தியல் எப்போதும் தொங்குகிற ஆணியில்தான் தொங்கியது.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவன் டேப்பை விடவில்லை. யாரோ கூப்பிட்டது போலத் தலையை மட்டும் திருப்பினான். இரண்டாவது அடி புருவத்தில் விழுந்தது, எலும்பு உள்ளே போவது கைப்பிடியில் தெரிந்தது. அப்போதுதான் விரல் தளர்ந்தது, டேப் சரசரவென்று சுருண்டு என் கைக்குள் வந்தது. மூன்றாவது அடி அவன் விழுந்த பிறகு. அது தேவையே இல்லாதது. அளவுக்கு மீறிச் செய்வது எனக்குப் பிடிக்காது, அதற்காக வருத்தப்படுகிறேன்.

ரத்தம் பலகைப் பக்கம் ஓடியது. கராஜ் தரை கதவை நோக்கிச் சரிவு. இரண்டு பலகைகளையும் தூக்கி மேஜைமேல் வைத்தேன். அவனைக் காலைப் பிடித்து இழுத்து ஓரமாக்கினேன். மூச்சு இருந்தது, ஒரு பக்க மூக்கில் குமிழி வந்தது. போன் சமையலறைச் சுவரில், எட்டு அடி தூரம். மறந்துவிடவில்லை.

நாற்பத்தைந்து நிமிஷம் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். அளந்தேன், சார். உங்கள் ஆட்கள் எடுத்துப்போன பலகைகளில் பென்சில் குறிகள் இருக்கும், எல்லாம் என்னுடையவை. எட்டுப் பைகளையும் தராசில் வைத்தேன். ரசமட்டம் வைத்தேன். பலகைகளின் மடக்குக் கால்களைப் பத்துப் பன்னிரண்டு தடவை மடக்கி நீட்டினேன், ஆடவில்லை. குறுக்குச்சட்டம் இருந்தது. ஸ்க்ரூ ஒன்றுகூட மேலே தெரியவில்லை. டார்ச்சைப் படுக்க வைத்து அடித்து வார்னிஷில் தூசி தேடினேன். கீழே அவன் இரண்டு தடவை "அண்ணே" என்றான். ஒரு தடவை தண்ணீர் கேட்டான் என்று நினைக்கிறேன், வார்த்தை சரியாக வரவில்லை. பிரீத்தாவிடம் சொல்லுங்கள், அவள் பெயரும் சொன்னான். நான் அப்போது இரண்டாவது பலகையின் ஓட்டையை அளந்துகொண்டிருந்தேன், அளவு தப்பிவிடும் என்று திரும்பவில்லை.

கிருபாராணி ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்து உள்பக்கக் கதவைத் திறந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. கொஞ்சம் பொறு, இந்த முனையைப் பிடி என்று டேப்பை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் போனுக்கு ஓடினாள்.

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதை மறுக்கவில்லை. ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பலகைகளில் ஒரு நூல் பிசகு கிடைத்திருந்தால் போதும், நானே போன் பண்ணியிருப்பேன்.